டூரரின் நவகோணம்: ஓர் ஓவியர் வட்டத்துக்குள் வரைந்த பலகோணங்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

1525-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் ஆல்பிரெக்ட் டூரர் ஒரு வடிவியல் நூலை வெளியிட்டார். கவராயமும் அளவுகோலும் கொண்டு அளப்பதற்கான பாடநூல் அது. அப்போது அவருக்கு வயது 54. ஐரோப்பா முழுவதும் பெயர்பெற்ற ஓவியர். செப்புத்தகட்டிலும் மரக்கட்டையிலும் அவர் செதுக்கிய படங்கள் நாடு நாடாக விற்றுக்கொண்டிருந்தன. கணிதத்தில் மட்டும் அவர் முறையாகப் பயின்றவர் அல்லர், ஆர்வத்தால் கற்றவர். நூலின் நான்கு பகுதிகளில் இரண்டாவதில், 3 பக்கம் தொடங்கி 16 பக்கம் வரையிலான ஒழுங்குப் பலகோணங்களை வரையும் வழிகளைத் தருகிறார். இந்த ஆய்வு அந்த ஒரு பகுதியைப் பற்றியது. ஆர்வலர் ஒருவர் வட்டத்துக்கும் பலகோணத்துக்கும் உள்ள உறவைத் தேடும்போது என்னென்ன நேர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய வழிகள் எல்லாமே வரைந்து பார்க்கக்கூடியவை. பிழை இருந்தால் எவ்வளவு என்பதைப் பள்ளி முக்கோணவியல் கொண்டே கணக்கிட்டுவிடலாம்.

டூரரின் தந்தை பொற்கொல்லர். மகனும் முதலில் அந்தப் பட்டறையில்தான் தொழில் கற்றார். 1486-இல் ஓவியர் மைக்கேல் வோல்கெமுட்டிடம் மாணவராகச் சேர்ந்தார். 1505 முதல் 1507 வரை இத்தாலியில் தங்கியிருந்தபோது வெனிஸில் யூக்ளிடின் வடிவியல் நூலின் லத்தீன் பதிப்பு ஒன்றை ஒரு டுகாட் (அன்றைய பொற்காசு) கொடுத்து வாங்கி, வாங்கிய விவரத்தையும் அதிலேயே எழுதி வைத்தார். வடிவியலை அவர் அடைந்த வழிகள் இவை இரண்டும்: ஒன்று நிறுவலோடு நிற்கும் பண்டைய நூல், மற்றொன்று பட்டறையில் கைமாறி வந்த வரைமுறை. தன் நூலின் முன்னுரையில் ஓவியர்களோடு பொற்கொல்லர், சிற்பி, கல்தச்சர், மரத்தச்சர் எல்லோரையும் வாசகர்களாக எண்ணி எழுதுவதாகச் சொல்கிறார். ஆகவே நூலை லத்தீனில் எழுதாமல் ஜெர்மனிலேயே எழுதினார். லத்தீன் மொழிபெயர்ப்பு அவர் இறந்த பிறகு, 1532-இல்தான் வந்தது.

எளிதானவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். முக்கோணம், சதுரம், அறுங்கோணம் ஆகியவையும், பக்கங்களை இரட்டித்தால் கிடைக்கும் 8, 12, 16 பக்க வடிவங்களும் துல்லியமானவை. 15 பக்க வடிவமும் துல்லியமாக வரையக்கூடியதே. வழி யூக்ளிடிலேயே இருக்கிறது. வட்டத்துக்குள் ஐங்கோணமும் பத்துப்பக்க வடிவமும் வரைய டூரர் பண்டைய வானியலாளர் தாலமியின் வழியை எடுத்துக்கொள்கிறார், அதிலும் குறையில்லை.

ஒரே திறப்பில் ஓர் ஐங்கோணம்

சிக்கல் தொடங்குவது அவர் தரும் இரண்டாவது ஐங்கோணத்தில். இங்கே வட்டம் கொடுக்கப்படவில்லை, ஒரு பக்கம் கொடுக்கப்பட்டிருக்கிறது. கவராயத்தை அந்தப் பக்கத்தின் அளவுக்குத் திறந்துவிட்டால் கடைசிவரை மாற்றக்கூடாது. பட்டறைக்காரர்கள் விரும்பிய கட்டுப்பாடு இது; திறப்பை மாற்றாதவரை அளவு வழுவாது.

வரைமுறை இப்படி. பக்கத்தின் இரு முனைகள் க, ச. இரண்டையும் மையமாக்கி இரண்டு வட்டங்கள் வரைக. அவை கீழே வெட்டிக்கொள்ளும் புள்ளி ட. ட-வை மையமாக்கி அதே திறப்பில் மூன்றாவது வட்டம். அது முதல் இரண்டு வட்டங்களையும் வெளிப்புறத்தில் ஒவ்வோர் இடத்தில் வெட்டும். நடுவே செல்லும் மையக்குத்துக்கோட்டையும் ஓரிடத்தில் வெட்டும். இடது வெளிப்புள்ளியிலிருந்து அந்த நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தால், அது ச-வை மையமாகக் கொண்ட வட்டத்தை மேலே வெட்டுமிடம் ஐங்கோணத்தின் ஒரு முனை. வலமிருந்தும் அப்படியே. இரு முனைகளிலிருந்தும் அதே திறப்பில் வில் போட்டால் உச்சி கிடைத்துவிடும்.

ஐந்து பக்கங்களும் சமம் என்பதில் ஐயமில்லை, திறப்புதான் மாறவில்லையே. கோணங்கள் சமமா? இழுத்த கோடு அடிப்பக்கத்தோடு சரியாக 45 பாகை சாய்ந்திருக்கிறது. அதைக் கொண்டு கணக்கிட்டால் அடியிலுள்ள இரு கோணங்களும் 108.37 பாகை, தோள்களில் 107.04 பாகை, உச்சியில் 109.19 பாகை. எல்லாம் 108 ஆக இருந்திருக்க வேண்டும். இது டூரர் கண்டுபிடித்த வழி அல்ல. ரேகன்ஸ்பர்க் பேராலயத்தின் கட்டடத் தலைவர் மத்தேயுஸ் ரோரிட்சர் 1480-களின் இறுதியில் வெளியிட்ட சிறு நூலில் இதே ஐங்கோணம் இருக்கிறது. டூரர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, இது தோராயமானது என்ற எச்சரிக்கை இல்லாமல் தருகிறார். துல்லியமான ஐங்கோணம் ஒன்றை அதே நூலில் வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே இதையும் ஒரே குரலில் சொல்வது குறைதான். நூலை நம்பி வரையும் தச்சருக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிய வழியில்லை.

ஏழு, பதினொன்று, பதின்மூன்று

எழுகோணத்துக்கு அவர் சொல்லும் வழி ஒரே வரி: வட்டத்துக்குள் சமபக்க முக்கோணம் வரைந்து, அதன் பக்கத்தில் பாதியை எடுத்துக்கொள், அதுவே எழுகோணத்தின் பக்கம். ஆரம் 10 செ.மீ. என்றால் இந்த நீளம் 8.660 செ.மீ. உண்மையான பக்கம் 8.678 செ.மீ. வேறுபாடு 0.2 மி.மீ.-க்கும் குறைவு, பென்சில் கோட்டின் தடிப்பே அதைவிட அதிகம். ஆனால் ஏழு முறை கவராயத்தை வைத்து நடந்து திரும்பும்போது அந்தச் சிறு பிழைகள் கூடுகின்றன. ஏழு மையக்கோணங்களும் சேர்ந்து 359.22 பாகைதான் வருகின்றன. தொடங்கிய இடத்துக்கு வந்து சேர ஏறத்தாழ 1.4 மி.மீ. மிச்சம் நிற்கிறது. இந்த விதி மிகப் பழையது. அலெக்சாந்திரியாவின் கிரேக்கக் கணிதவியலாளர் ஹீரோனும் இதை அறிந்திருந்தார்.

இந்த இடத்தில் 12-ஆம் நூற்றாண்டு இந்தியக் கணிதவியலாளர் பாஸ்கரரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. லீலாவதி என்ற தன் கணித நூலில் அவர் விட்டம் 1,20,000 கொண்ட வட்டத்துக்குள் 3 முதல் 9 பக்கம் வரையிலான வடிவங்களின் பக்க அளவுகளைச் சுலோகத்தில் எண்களாகவே தருகிறார். எழுகோணத்துக்கு 52,055. சரியான மதிப்பு 52,066. டூரரின் வழியை அதே வட்டத்தில் வைத்துப் பார்த்தால் 51,962 வரும். எண்ணாகப் பார்த்தால் பாஸ்கரருடையது ஒன்பது மடங்கு நெருக்கம். ஆனால் கல்லின் மேல் குனிந்திருப்பவர் கையில் கவராயம்தான் இருக்கிறது. டூரர் எழுதியது அவருக்காக.

11 பக்கத்துக்கு விட்டத்தின் கால்பங்கை எடுத்து அதில் எட்டில் ஒரு பங்கு கூட்டச் சொல்கிறார். 13 பக்கத்துக்கு அதே கால்பங்கிலிருந்து 24-இல் ஒரு பங்கைக் கழிக்கச் சொல்கிறார். முதலாவது சுற்றை முடிக்க 0.63 பாகை போதாமல் நிற்கிறது, இரண்டாவது 0.41 பாகை தாண்டிப்போகிறது. பக்கம் கூடக்கூடப் பிழை பெருகும் என்று எதிர்பார்ப்போம். இந்த இரண்டும் எழுகோணத்தைவிட நன்றாகவே முடிகின்றன. எழுகோணத்தின் விதி வட்டத்துக்குள்ளேயே இருக்கும் ஓர் உறவு, அழகானது. இவை இரண்டும் கூட்டியும் கழித்தும் பொருத்தி எடுத்த அளவுகள். பொருத்தி எடுத்தது அழகானதை வெல்வது ஆர்வலர்கள் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி. வட்டத்துக்குள் ஒரு நேர்த்தியான உறவு கண்ணில் பட்டதும் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடத் தோன்றும்.

சதுரமாகும் வட்டம்

அதே நூலில் வட்டத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரம் வரும் இடத்தில், டூரரின் நேர்மை வெளிப்படையாகத் தெரிகிறது. கற்றறிந்தவர்கள் இதை இன்னும் நிறுவிக் காட்டவில்லை என்று முதலில் சொல்லிவிடுகிறார். பிறகு, வேலைக்குப் போதுமான அளவில், மிகச் சிறிய குறையோடு செய்யும் வழியைத் தருகிறார்: சதுரத்தின் மூலைவிட்டத்தைப் பத்துப் பங்காக்கு, எட்டுப் பங்கை விட்டமாகக் கொண்டு வட்டம் வரை. 10 செ.மீ. சதுரத்தில் வட்டத்தின் பரப்பு 100.53 சதுர செ.மீ. ஆகிறது. இரண்டும் சமம் என்று கொண்டால் பையின் (π) மதிப்பு 3.125 என்று பொருள்.

அந்த மதிப்பு ஆர்க்கிமிடீஸ் போட்ட வேலிக்கு வெளியே இருக்கிறது. 96 பக்கப் பலகோணங்களை வட்டத்துக்கு உள்ளும் புறமும் வரைந்து, பை 3 10/71-ஐவிடப் பெரியது, 3 1/7-ஐவிடச் சிறியது என்று ஆர்க்கிமிடீஸ் நிறுவியிருந்தார். 3 10/71 என்பது ஏறத்தாழ 3.1408. டூரரின் விதி துல்லியமானது என்று யாராவது வாதிட்டிருந்தால் இந்த ஒரு வரியே அதை முறித்துவிடும். டூரர் அப்படி வாதிடவில்லை. நிறுவப்பட்டது, கைவேலைக்குப் போதுமானது என்று இரண்டு வகை உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார். ஐங்கோணத்தில் அந்தப் பிரிப்பைச் செய்யாமல் விட்டதுதான் என் மனக்குறை.

இந்தப் பிரிப்புக்கு முழு விளக்கம் கிடைக்க மேலும் மூன்று நூற்றாண்டுகள் ஆயின. 1796-இல், 19 வயதுகூட நிரம்பாத ஜெர்மன் கணிதவியலாளர் காஸ், 17 பக்கப் பலகோணத்தைக் கவராயமும் அளவுகோலும் கொண்டு வரையலாம் என்று கண்டார். எந்தப் பலகோணங்கள் முடியும் என்ற விதியை 1801-இல் அச்சிட்டார். மற்றவை முடியாது என்பதற்கான நிறுவலை பிரெஞ்சுக் கணிதவியலாளர் வான்ட்செல் 1837-இல் வெளியிட்டார். கவராயமும் அளவுகோலும் தருபவை வர்க்கமூலங்களை அடுக்கி எட்டக்கூடிய நீளங்கள் மட்டுமே. எழுகோணத்துக்கும் நவகோணத்துக்கும் முப்படிச் சமன்பாடுகள் தேவை. பொதுவான ஒரு கோணத்தை மூன்று சமபாகமாக்க முடியாது என்பதும் அதிலேயே அடங்கிவிட்டது. வட்டத்தைச் சதுரமாக்கும் கேள்வியை, அதுவும் முடியாது என்று நிறுவி, ஜெர்மன் கணிதவியலாளர் லிண்டெமான் 1882-இல் முடித்துவைத்தார்.

டூரரின் பட்டியலை இந்த விதியோடு ஒப்பிட்டால், துல்லியமாக வரைய முடியாதவை 7, 9, 11, 13, அவற்றோடு 7-ஐ இரட்டித்த 14. அவர் பட்டறை வழிகளையும் பொருத்தி எடுத்த அளவுகளையும் நாடியவை இவைதாம். இரண்டாவது ஐங்கோணம் மட்டுமே விலக்கு.

மூன்று இதழ்களும் ஒரு நவகோணமும்

கடைசியாக நவகோணத்தை வைத்ததற்குக் காரணம் உண்டு. இந்தப் பகுதியிலேயே மிகுந்த பிழையுள்ள வடிவம் அதுதான். மிகச் சிறந்த வரைமுறையும் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

ஒரு வட்டம் வரைந்து, அதே திறப்பில், பரிதியில் பொருந்தும் மையங்களிலிருந்து விற்கள் போட்டால், நடுவிலிருந்து பரிதிவரை நீளும் இதழ்கள் உருவாகும். மீனின் காற்றுப்பை போன்ற வடிவம் என்கிறார் டூரர். அப்படி மூன்று இதழ்கள். ஓர் இதழின் நீளம் வட்டத்தின் ஆரமே. அதன் நடுக்கோட்டை மூன்று சமபங்காக்கி, மையத்துக்கு அருகிலுள்ள பங்குப் புள்ளியில் குறுக்காக ஒரு செங்குத்து இழுத்தால் அது இதழின் இரு விளிம்புகளையும் வெட்டும். அந்த இரு புள்ளிகள் வழியாக, அதே மையத்தில் ஒரு சிறு வட்டம். இரு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட தூரம் அந்தச் சிறு வட்டத்துக்குள் அமையும் நவகோணத்தின் பக்கம்.

மையக்கோணம் 39.594 பாகை வருகிறது, வேண்டியது 40. ஒன்பது முறை நடந்தால் 3.65 பாகை மிச்சம். 10 செ.மீ. ஆரத்தில் அது 6 மி.மீ.-க்கு மேல், வெறுங்கண்ணுக்கே தெரியும் இடைவெளி. சுவரோவியம் வரைபவர்கூட இதை ஏற்கமாட்டார்.

இனி, அதே இரண்டாம் பகுதியில் வட்ட வில் ஒன்றை மூன்று சமபாகமாக்க அவர் தரும் வழியைப் பார்ப்போம். வில்லின் முனைகள் க, ச. நாண் கச-வை மூன்று பங்காக்கு. க-வுக்கு அருகிலுள்ள பங்குப் புள்ளி ட. அங்கே செங்குத்து எழுப்பினால் வில்லைத் த-வில் வெட்டும். க-வை மையமாக்கி, கத நீளத்தை நாணின் மேல் இறக்கு. அது ப-வில் விழும். இப்போது ட, ப இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு துண்டு இருக்கிறது. அதையும் மூன்று பங்காக்கி, ப-வுக்கு அருகிலுள்ள பங்குப் புள்ளியை எடு. க-விலிருந்து அதுவரையுள்ள நீளத்தை வில்லின் மேல் நாணாக வை. மூன்றில் ஒரு பங்கு அதுதான்.

60 பாகை வில்லில் இதைக் கணக்கிட்டேன். ஆரம் 1 என்றால் டூரரின் நாண் 0.347292; 20 பாகைக்கு உரிய உண்மையான நாண் 0.347296. கோணத்தில் பிழை ஒரு விகலைக்கும் குறைவு. ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு. அன்றைய எந்தக் கருவியாலும் அதைக் கண்டிருக்க முடியாது.

இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இதழின் ஒரு விளிம்பு, 60 பாகை வில். ஏனென்றால் அதன் நாண் ஆரத்துக்குச் சமம். அந்த நாண்தான் இதழின் நடுக்கோடு. அதை மூன்று பங்காக்கிச் செங்குத்து எழுப்பியதும் விளிம்பில் கிடைக்கும் புள்ளி, வில்லை மூன்றாக்கும் படத்தின் த-வே! நவகோணமும் கோணத்தை மூன்றாக்கலும் ஒரே வரைபடம்.

பிழைகளும் அப்படியே பொருந்துகின்றன. நவகோணத்தின் மையக்கோணம், நாணுக்கும் கத-வுக்கும் இடையிலுள்ள கோணத்தைப் போல இரு மடங்கு. பரிதிக்கோணம் பற்றிய பள்ளித் தேற்றப்படி அந்த இரு மடங்கு, த முதல் ச வரையுள்ள வில்லின் அளவு. ஆக, தச வில் 39.594 பாகை, கத வில் 20.406 பாகை. நவகோணத்தில் குறைந்த 0.406 பாகையும், த-வை அப்படியே மூன்றில் ஒரு பங்கு என்று கொண்டால் மிஞ்சும் 0.406 பாகையும் ஒன்றே. நவகோணத்தில் டூரர் த-வோடு நின்றுவிட்டார். வில்லை மூன்றாக்கும்போது மேலும் இரண்டு அடி எடுத்துவைத்தார். அந்த இரண்டு அடியில் பிழை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. திருத்திய புள்ளியிலிருந்து ச வரையுள்ள வில்லை எடுத்து நவகோணம் வரைந்தால், ஒன்பது பக்கமும் சுற்றி வந்து 10 செ.மீ. வட்டத்தில் மிஞ்சும் தவறு ஒரு மில்லிமீட்டரில் 200-இல் ஒரு பங்குகூட இல்லை.

அந்த இரண்டு அடி ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது? நாணின் மூன்றில் ஒரு பங்கு, தேவையான நாணைவிடக் குட்டை. கத நீளம், தேவையானதைவிட நெட்டை. உண்மை இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. எங்கே என்பதுதான் கேள்வி. சிறிய கோணங்களுக்குத் தொடர் விரிவு (நீளத்தைக் கோணத்தின் அடுக்குகளின் கூட்டலாகச் சொல்வது) எழுதிப் பார்த்தால், மூன்றில் ஒரு பங்குக் கோணத்தின் முப்படியை அலகாகக் கொண்டு, குட்டையானது உண்மையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே இருக்கிறது. நெட்டைக்கும் குட்டைக்கும் இடைவெளி அதே அலகில் சரியாக அரை. மூன்றில் ஒன்றை அரையால் வகுத்தால் மூன்றில் இரண்டு. டூரர் தேர்ந்தெடுத்த இடம் துல்லியமாக அதுவே.

அதோடு முடியவில்லை. 90 பாகை வில்லுக்கு இதே வழியில் பிழை ஏறத்தாழ 15.5 விகலை. 120 பாகைக்கு ஏறத்தாழ 116 விகலை. 60-லிருந்து 120-க்கு, அதாவது கோணம் இரு மடங்கானபோது, பிழை ஏறத்தாழ 128 மடங்கானது. அது 2-இன் ஏழாம் அடுக்கு. 60-லிருந்து 90-க்கு 17 மடங்கு, 1.5-இன் ஏழாம் அடுக்கும் 17தான். பிழையின் தொடர் விரிவில் முப்படி உறுப்பு மட்டுமல்ல, ஐந்தாம் படி உறுப்பும் தானாகவே மறைந்துவிடுகிறது என்று பொருள். ஒரு நாண், ஒரு செங்குத்து, ஒரு வில், இரண்டு முறை மூன்றாகப் பங்கிடுதல்: இவ்வளவுதான் செலவு.

ஆகவே இந்த வழியைப் பயன்படுத்துவோர் பெரிய கோணத்தை நேரடியாக மூன்றாக்க வேண்டியதில்லை. கோணத்தை முதலில் சரிபாதியாக்கிக்கொள்ளலாம், அதைக் கவராயம் துல்லியமாகவே செய்யும். 120 பாகையைப் பாதியாக்கி 60-ஐ மூன்றாக்கி, கிடைத்த 20-ஐ இரட்டித்தால் பிழை இரண்டு விகலைக்குள் அடங்கும். 30 பாகைக்கு இறங்கி அங்கே மூன்றாக்கி, கிடைத்த 10-ஐ நான்கு மடங்காக்கினால் ஒரு விகலையில் முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.